படிப்பு முடிந்து வேலை தொடங்கும் காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறுதியாண்டு மாணவர்களோடும் புதிதாக வேலையில் சேர்ந்தவர்களோடும் உட்கார்ந்து பேசுவது பல வருடங்களாக என் வேலை. ஆண்டுக்கு ஆண்டு முகங்கள் மாறுகின்றன, கேள்விகள் அவ்வளவாக மாறுவதில்லை. ரெஸ்யூமே எப்படி எழுதுவது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். லீவு முடிகிற மாலையில் வயிற்றைப் பிசைவது ஏன் என்று சொல்லத்தான் ஆள் குறைவு. என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பட்டம் வாங்கியாயிற்று, எல்லோரும் வாழ்த்துகிறார்கள். எனக்கு மட்டும் ஏன் வெறிச்சென்று இருக்கிறது?

உங்களுக்கு மட்டும் இல்லை. ஐந்து வயதிலிருந்து உங்கள் நாளை வேறு யாரோ வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும், எதைப் படிக்க வேண்டும், எப்போது பரீட்சை, எப்போது லீவு, எல்லாம் அச்சடித்துக் கையில் தந்துவிட்டார்கள். உங்கள் வயதுக்காரர்கள் நூறு பேரை அதே கட்டடத்தில் கூடவே உட்கார வைத்தார்கள். நட்பைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை, அது பக்கத்து பெஞ்சிலேயே இருந்தது. செய்வது சரியா தப்பா என்பதை மார்க் சொல்லிவிடும். எவ்வளவு கஷ்டமானாலும் செமஸ்டரோடு முடியும் என்ற நிச்சயம் வேறு.

நாளின் ஒழுங்கு, துணை, மதிப்பெண், முடிவுத் தேதி. இந்த நான்கும் ஒரே வாரத்தில் கழன்றுவிடுகின்றன. யாரும் பிடுங்கிக்கொண்ட மாதிரி தெரியாததால், எதை இழந்தோம் என்பதே புரிவதில்லை. "எல்லாம் நல்லபடியாகத்தானே நடக்கிறது, எனக்கு என்ன குறை" என்று தன்னையே திட்டிக்கொள்வதில் போய் முடிகிறது. கீழே நான் சொல்லப்போவதில் பாதி, இந்த நான்கையும் சிறிய அளவில் நாமே திரும்பக் கட்டிக்கொள்வதைப் பற்றித்தான்.

வயதுக்கும் இதில் பங்கு உண்டு. 18 முதல் 25 வரையிலான காலத்தை ஒரு தனிப் பருவமாகவே பார்க்க வேண்டும் என்று உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000இல் எழுதினார். ரொனால்டு கெஸ்லர் குழு அமெரிக்காவில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாழ்நாளில் எப்போதாவது மனநலச் சிக்கல் வருபவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு அது 24 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது. ஆகவே இந்த வயதில் மனசைக் கவனிப்பதை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. வீட்டில் சும்மாதான் இருக்கிறேன், ஆனாலும் ஏன் இவ்வளவு களைப்பு?

சும்மா இருப்பதன் பாரத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இதைப் பற்றிய பழைய ஆய்வு ஒன்று எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். ஆஸ்திரியாவில் மரியன்தால் என்று ஒரு ஊர். ஊரே ஒரு நெசவு ஆலையை நம்பி இருந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் ஆலை மூடப்பட்டது. மரீ யஹோடா, பவுல் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கே போய் மக்களின் அன்றாடத்தைக் கவனித்து 1933இல் வெளியிட்டார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகமே தளர்ந்து, அடிக்கடி நின்று நின்று போனார்கள். எங்கேயும் போக வேண்டிய அவசரம் இல்லாதவன் கால் அப்படித்தான் நடக்கும்.

வேலை என்பது சம்பளத்தோடு வேறு ஐந்தையும் சத்தமில்லாமல் தருகிறது என்று யஹோடா பிற்பாடு வரிசைப்படுத்தினார்: நாளுக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதத் தொடர்பு, பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிற உணர்வு, சமூகத்தில் ஓர் அடையாளம், கட்டாயமாக ஏதாவது செய்துகொண்டிருப்பது. சம்பளத்தை நம்மால் உண்டாக்க முடியாது. மற்றவற்றில் இரண்டு மூன்றை முடியும். விண்ணப்ப வேலைக்கு ஆரம்ப நேரம் ஒன்று, மூடும் நேரம் ஒன்று வையுங்கள். காலையில் இரண்டரை, மூன்று மணி நேரம் போதும். அதற்குப் பிறகு லேப்டாப்பை நிஜமாகவே மூடிவிட வேண்டும். நாள் முழுக்க அரை மனதோடு வேலை தேடும் இணையதளங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தால் தேடலும் நடக்காது, ஓய்வும் கிடைக்காது. வாரத்தில் இரண்டு நாளாவது, குறித்த நேரத்தில் உங்களை எதிர்பார்க்கும் ஓரிடம் வேண்டும். ஒரு வகுப்போ, தன்னார்வப் பணியோ, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவதோ, எதுவானாலும் சரி. "நீ வரவில்லையே, ஏன்?" என்று கேட்க ஒருவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எத்தனையோ விண்ணப்பங்கள் போட்டுவிட்டேன். "இல்லை" என்றுகூட யாரும் பதில் போடுவதில்லை.

நிராகரிப்பைவிட மௌனம்தான் ஆளைத் தின்கிறது. "இல்லை" என்று வந்தால் அழுதுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். மௌனத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? நான் சொல்லும் வழி: விண்ணப்பித்த தேதியை எழுதுங்கள், இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த வரியை நீங்களே அடித்துவிடுங்கள். அந்தக் கதவைச் சாத்துவது உங்கள் கையாக இருக்கட்டும்.

இன்னொன்று, வலையில் விண்ணப்பம் போடுவது மட்டுமே வேலை தேடல் இல்லை. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, லேசான அறிமுகங்களின் பலத்தைப் பற்றியது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்ததாகவே இருக்கும். எப்போதோ ஒரு புராஜெக்டில் சேர்ந்து வேலை செய்த சீனியர் வேறொரு உலகத்தில் புழங்குகிறார், அவர் காதுக்கு வரும் செய்தி வேறு. அவருக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். "வேலை வாங்கித் தாருங்கள்" என்று எழுதினால் கூச்சமாகத்தான் இருக்கும். "உங்கள் துறையில் ஆரம்பநிலை ஆட்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று பத்து நிமிடம் பேச முடியுமா?" என்று எழுதிப் பாருங்கள்.

மனதில் கோபம் தேங்கி நின்றால் அதைக் காகிதத்தில் கொட்டுவதிலும் பலன் இருக்கிறது. 1994இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் கூட்டாளிகளும் வேலை இழந்த 63 பேரை வைத்துச் செய்த ஒரு சிறு ஆய்வில், தொடர்ந்து ஐந்து நாள், தினம் இருபது நிமிடம், வேலை போன வேதனையை எழுதியவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள். சிறு ஆய்வு என்பதை மறக்க வேண்டாம். ஆனால் செலவில்லாத மருந்து.

கூடப் படித்தவர்களுக்கெல்லாம் கிடைத்துவிட்டது. என்னிடம்தான் ஏதோ குறையா?

வேலை கிடைத்ததென்று அவர்கள் இணையத்தில் பதிவு போட்டது உங்களுக்குத் தெரியும். பதிவு போடாதவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது.

இதில் திறமை மட்டும் பேசுவதில்லை, வருடமும் பேசுகிறது. மந்தகாலத்தில் பட்டம் பெற்றவர்களின் சம்பளம், நல்ல காலத்தில் வெளிவந்தவர்களைவிடப் பல ஆண்டுகள் பின்தங்கியே இருந்ததைப் பொருளாதார நிபுணர் லிசா கான் 2010இல் காட்டினார். கனடாவில் செய்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த வித்தியாசம் ஏறக்குறைய பத்து வருடத்தில் மங்கிவிடுவதையும் காட்டியது. அதே மூளை, அதே உழைப்பு, பிறந்த வருடம் மட்டும் வேறு. இதைப் படித்துவிட்டு நிம்மதி வருமா என்றால் முழுதாக வராது. தன்னைத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதையாவது நிறுத்தலாம்.

இரண்டு மாதத்துக்கு லிங்க்ட்இன்னை வேலை தேட மட்டும் திறப்பது, மற்றவர்கள் பதிவுகளைப் பார்க்காமலிருப்பது என்று வைத்துக்கொண்ட பலர் தூக்கம் தேறியது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. உட்கார்ந்திருப்பதற்கே இவ்வளவு அசதியா?

ஆமாம், அவ்வளவு அசதிதான். பழைய ஊழியர் யோசிக்காமல் செய்வதையெல்லாம் நீங்கள் யோசித்துச் செய்கிறீர்கள். யாரை எப்படிக் கூப்பிடுவது, எந்த ஃபைல் எங்கே, எப்போது எழுந்து போகலாம், அந்தச் சிரிப்புக்கு நாமும் சிரிக்க வேண்டுமா என்பது வரை ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கணக்கு. மாலைக்குள் ஆயிரம் கணக்குப் போட்ட மூளை வீட்டுக்கு வருகிறது.

அதன் மேல் தூக்கம். கல்லூரியில் இரவு இரண்டு மணிக்குப் படுத்துப் பழகிய உடம்பை அலாரம் வைத்து ஆறு மணிக்கு எழுப்புகிறோம். லீவு நாளில் மதியம் வரை தூங்கி ஈடுகட்டுகிறோம். உடம்பைப் பொறுத்தவரை இது வாரா வாரம் வேறொரு நேர மண்டலத்துக்கு விமானம் ஏறிப் போய்த் திரும்புவது மாதிரி. டில் ரோனபெர்க் குழுவினர் 2006இல் இதற்கு 'சமூக ஜெட்லாக்' என்றே பெயர் வைத்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடும் என்பது 1990களிலேயே சோதித்துப் பார்த்த விஷயம். அந்த நிலையில் மேனேஜர் சொன்னது மண்டையில் ஏறவில்லை என்றால், அதை அறிவுக் குறைவு என்று எண்ணாதீர்கள்.

படுக்கும் நேரத்தைச் சரிசெய்யப் போராட வேண்டாம், அது நம் பேச்சைக் கேட்காது. எழும் நேரத்தைப் பிடியுங்கள். லீவு நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போட வேண்டாம். எழுந்ததும் வெளிச்சத்தில் கொஞ்சம் நில்லுங்கள். காபியின் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் எடுக்கும், ஆகவே மாலைக் காபி பாதிராத்திரி வரை உள்ளே உட்கார்ந்திருக்கும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். ஒரு மாதம் இதைச் செய்துவிட்டு, பிறகு வேலை பிடிக்கவில்லையா என்று யோசிக்கலாம்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

1978இல் பவுலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் சந்தித்தது நன்றாகப் படித்து, நன்றாகச் சாதித்த பெண்களை. அவர்களுக்கோ தாங்கள் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்ற எண்ணம். 'ஏமாற்றுக்காரர் உணர்வு' என்று தமிழில் சொல்லலாம். இது நோய் இல்லை, ஆண்களுக்கும் வருகிறது.

நான் இதில் கொஞ்சம் மாறுபடுவேன். புதிதாக வந்தவர்களுக்கு இந்தப் பெயரை உடனே ஒட்டிவிடக் கூடாது. சாதித்தவருக்குத் தன் சாதனை தெரியாமல் போவது வேறு. மூன்றாவது வாரத்தில் உங்களுக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது! அது கண்டுபிடிக்க வேண்டிய இரகசியமே இல்லை. உங்களை வேலைக்கு எடுத்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

என் முதல் வேலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு படிவத்தில் மூன்றாவது கட்டத்தில் எந்த எண்ணை நிரப்புவது என்று தெரியவில்லை. பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்க எழுந்தேன், உட்கார்ந்தேன். இமெயில் எழுதத் தொடங்கினேன். "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று ஆரம்பித்து, அழித்து, "ஒரு சின்ன சந்தேகம்" என்று மாற்றி, சின்ன சந்தேகம் என்றால் இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரோ என்று அதையும் அழித்து, நாற்பது நிமிடம் போனது. கடைசியில் அவரே தண்ணீர் எடுக்க எழுந்தபோது என் திரையைப் பார்த்துவிட்டு, "அதைக் காலியா விட்டுடுங்க, யாரும் நிரப்பறதில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியானால் எப்படித்தான் கேட்பது?

மூன்று வரி போதும்: என்ன செய்ய முயல்கிறேன், இதுவரை என்ன பார்த்தேன், எங்கே நிற்கிறேன். "போன மாத அறிக்கையை வைத்து இதைத் தயாரிக்கிறேன். முதல் இரண்டு பகுதி முடிந்தது. மூன்றாவதில் எந்தத் தேதியின் கணக்கை எடுப்பது என்று தெரியவில்லை, மாதக் கடைசியா?" இப்படிக் கேட்பவரை யாரும் முட்டாள் என்று நினைப்பதில்லை. இருபது நிமிடம் முட்டிப் பார்த்தும் நகரவில்லையென்றால் கேட்டுவிட வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதம் எந்தக் கேள்விக்கும் மன்னிப்பு உண்டு. ஓராண்டு கழித்து அதே கேள்வியைக் கேட்பதுதான் தர்மசங்கடம்.

கேள்வி கேட்டாலே எரிந்து விழும் இடங்களும் உண்டு. தவறை வெளியே சொன்னால் தண்டனை வராது என்ற நம்பிக்கை இருக்கும் குழுக்களே நன்றாகக் கற்றுக்கொள்கின்றன என்பதை ஏமி எட்மண்ட்சன் 1999இல் ஆராய்ந்து எழுதினார். உங்கள் இடத்தில் அந்த நம்பிக்கை இல்லையென்றால் அது அந்த இடத்தின் குறை.

மேனேஜர் நல்லது கெட்டது எதுவும் சொல்வதில்லை. நான் சரியாகச் செய்கிறேனா?

மதிப்பெண் பழக்கம் இது. பதினாறு வருடம் மாதம் தவறாமல் மார்க் வாங்கியவருக்கு, ஆறு மாதம் ஒரு சொல்லும் இல்லாமல் இருப்பது தோல்வி போலவே படும். ஆபீஸில் மௌனம் என்றால் பெரும்பாலும் "பிரச்சினை இல்லை" என்றுதான் பொருள். ஊகிக்க வேண்டாம், கேளுங்கள். ஆனால் "நான் எப்படிச் செய்கிறேன்?" என்று கேட்டால் "நன்றாகத்தான்" என்ற பதில்தான் வரும். "போன வாரம் தந்த அறிக்கையில் அடுத்த முறை எதை மாற்றலாம்?" என்று கேட்டால் வாய் திறப்பார்கள்.

கூடவே வெள்ளிக்கிழமை தோறும் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: இந்த வாரம் முடித்தது, புதிதாகக் கற்றது, சொதப்பியது. நான்கு மாதம் கழித்துப் புரட்டினால் அதுதான் மார்க் ஷீட்.

இரவு பத்து மணிக்கும் மெசேஜ் வருகிறது. புதிதாகச் சேர்ந்தவன் எப்படி மறுப்பது?

முதலில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பல நேரம் அனுப்பியவர் மறந்துவிடக் கூடாதென்று அனுப்பியிருப்பார், காலையில் பார்த்தால் போதும் என்று நினைத்திருப்பார். புதியவர்கள்தான் ஐந்து நிமிடத்தில் பதில் போட்டு, அதையே தங்கள் மீது விதியாக்கிக்கொள்கிறோம். ஒருமுறை நேராகவே கேட்டுவிடலாம்: "இரவில் வருபவற்றுக்குக் காலையில் பதில் தந்தால் போதுமா? அவசரம் என்றால் போன் செய்துவிடுங்கள்." பெரும்பாலானோர் சரி என்பார்கள்.

அப்படிச் சொல்லவே முடியாத இடங்களும் இருக்கின்றன. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற முதல் உடன்படிக்கையே ஆலைத் தொழிலாளருக்கான எட்டு மணி நேர வேலை பற்றியது. நூறாண்டு கடந்தும் அதையே பேசிக்கொண்டிருக்கிறோம். 2017இல் பிரான்சில், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை நடைமுறைக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனமும் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்றது. இளம் வயதில் உடம்பு தாங்குவதால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

புது ஊர், தெரிந்தவர் யாரும் இல்லை. லீவு நாளில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கழிந்துவிடுகிறது.

நட்புக்கு மணிக்கணக்கு உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018இல் போட்ட கணக்குப்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். விடுதியில் இருந்தபோது 200 மணி நேரம் ஒரு மாதத்தில் ஓடிவிடும். இப்போது வாரம் இரண்டு மணி நேரம் சந்திப்பவரோடு அது இரண்டு வருடம். ஆகவே மூன்று மாதத்தில் உயிர் நண்பர் கிடைக்கவில்லையே என்று உங்கள் சுபாவத்தைச் சந்தேகிக்க வேண்டாம். கணக்கு இடிக்கிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம், புதுப்புது ஆட்களைத் தேடி ஓடுவதைவிட, அதே ஆட்களை வாரா வாரம் பார்க்கும் ஓர் இடத்தைப் பிடிப்பது. விளையாட்டு, பாட்டு, மொழி வகுப்பு, எதுவும். பழைய நண்பர்களுக்கும் "எப்போதாவது பேசலாம்டா" என்பதை விட்டு, கிழமையும் நேரமும் குறித்துவிடுங்கள். ஒரே நேரத்தில் போனில் பேசிக்கொண்டே இருவரும் அவரவர் ஊரில் துணி மடிக்கும் இரண்டு தோழிகளை எனக்குத் தெரியும். நான்கு வருடமாக நடக்கிறது.

வீட்டுக்கு அனுப்ப வேண்டும், கடன் அடைக்க வேண்டும். சம்பளம் வந்த அன்றே பதற்றம்.

தொகை தெரியாத கடன்தான் இரவில் பெரிதாகத் தெரியும். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: வருவது, கட்டாயம் போவது, மீதி. வீட்டுக்கு எவ்வளவு என்பதை முதல் மாதப் பெருமிதத்தில் முடிவு செய்யாதீர்கள், பிறகு குறைப்பது கடினம். மூன்று மாதச் செலவைப் பார்த்துவிட்டு, தொடர்ந்து தரக்கூடிய தொகையைச் சொல்லுங்கள். அவசரத்துக்கென்று கொஞ்சம் தனியே விழுந்துகொண்டிருந்தால், பிடிக்காத வேலையைக்கூடப் பதறாமல் பார்க்க முடிகிறது.

இது நான் நினைத்த வேலையே இல்லை. விட்டுவிடலாமா?

1974இல் மார்லின் கிரேமர் என்ற ஆய்வாளர், படிப்பு முடித்து மருத்துவமனைக்கு வந்த புதிய செவிலியர்களைப் பற்றி எழுதினார். முதலில் தேன்நிலவு. அப்புறம் அதிர்ச்சி: படித்தபோது சொன்னது ஒன்று, வார்டில் நடப்பது வேறு. அதன் பிறகுதான் மெல்லத் தேறி, இரண்டையும் பொருத்திப் பார்க்கும் நிலை. செவிலியர்களுக்கு மட்டுமா இது? அதிர்ச்சிக் கட்டத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் வேலையைப் பற்றியதாக இருக்காது, அதிர்ச்சியைப் பற்றியதாகவே இருக்கும். அதனால் வெறும் சலிப்பு, குழப்பம், ஏமாற்றம் என்றால் நான் ஆறு மாதம் கேட்பேன். காலண்டரில் தேதியைக் குறியுங்கள். அதுவரை தினம் தினம் "விடலாமா" என்ற விசாரணை வேண்டாம். அந்தத் தேதியில் உட்கார்ந்து பாருங்கள். முடிவுத் தேதி இருந்தாலே பாதி பாரம் குறையும். செமஸ்டரில் அதுதானே நம்மைக் காப்பாற்றியது.

ஆனால் அவமானம், மிரட்டல், தொடுகை, சம்பளம் தராமல் இழுத்தடிப்பு, சான்றிதழைப் பிடித்து வைப்பது என்றால் ஆறு மாதக் கணக்கு பொருந்தாது. தேதி, நேரம், சொன்ன சொல் என்று அன்றன்றே எழுதி வையுங்கள், ஆபீஸ் கணினியில் வேண்டாம். பணியிட வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிராக 2019இல் ஏற்கப்பட்ட சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை, பயிற்சியில் இருப்பவர்களையும் வேலை தேடுபவர்களையும்கூடச் சேர்த்தே பேசுகிறது. "நீ இன்டர்ன்தானே" என்ற வாதம் செல்லாது.

'பர்ன்அவுட்' என்று இப்போது எல்லாவற்றையும் சொல்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதைப் பணி சார்ந்த ஒரு நிலை என்று வரையறுத்தது, நோய் என்று வகைப்படுத்தவில்லை. சக்தி வற்றிப் போவது, வேலையின் மேல் வெறுப்போ விலகலோ வருவது, செயல்திறன் குறைந்துவிட்டதாகத் தோன்றுவது, இந்த மூன்றும் சேர்ந்தது அது. காரணம் நீண்ட நாள் தீராத வேலை அழுத்தம். அதை யோகா வகுப்பால் மட்டும் தீர்க்க முடியாது, வேலையின் அளவும் மாற வேண்டும்.

இது சாதாரண வருத்தமா, டாக்டரைப் பார்க்க வேண்டியதா?

இரண்டு வாரம் என்பது ஒரு நல்ல அளவுகோல். இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்கள் மனம் இருண்டே இருக்கிறது, அல்லது முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, கூடவே தூக்கம், பசி, கவனம் எல்லாம் குலைந்திருக்கிறது என்றால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். வேலை கிடைத்தால் சரியாகிவிடும் என்று தள்ளிப் போட வேண்டாம். காலையில் குளிப்பதே மலையாகத் தெரிகிறது என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அதை அவர் சோம்பேறித்தனம் என்று நினைத்து நான்கு மாதம் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் பார்க்கத் தேவையில்லை. இன்றே, இப்போதே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் நாட்டின் உதவி எண்ணையோ, பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவையோ அணுகுங்கள். நண்பர் அப்படிச் சொன்னால் "தற்கொலை எண்ணம் வருகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தனியே விடாமல் கூட இருங்கள்.

பெற்றோர் என்ன சொல்லலாம்?

"என்னாச்சு, ஏதாவது வந்ததா?" என்ற கேள்வியைத் தினமும் கேட்காதீர்கள். வந்தால் முதலில் உங்களிடம்தான் ஓடி வருவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சம்பளம் இந்த வீட்டில் பேச்சாக வேண்டாம். வீட்டில் ஒரு பொறுப்பை முழுதாக ஒப்படையுங்கள், அது பெரிய உதவி.

இன்னும் இறுதி செமஸ்டர்தான். இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

கல்லூரிக் கவுன்சலரிடம் போய்க்கொண்டிருப்பவர்கள், மாத்திரை எடுப்பவர்கள், இதை முதலில் செய்யுங்கள். பட்டம் வாங்கியதும் அந்தச் சேவை நின்றுவிடக்கூடும். கடைசி மாதத்தில் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வெளியே யாரைப் பார்ப்பது என்று பெயர் வாங்கி, சிகிச்சைக் குறிப்பின் நகல் எடுத்து, புது ஊருக்குப் போகும் முன்பே முதல் சந்திப்பைக் குறித்துவிடுங்கள். கையில் ஒரு மாதத்துக்கான மாத்திரையாவது இருக்கட்டும். நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை பெற்றவர்கள் அதற்கான ஆவணத்தையும் வாங்கி வையுங்கள், வேலையிடத்தில் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும்.

கல்லூரி இமெயில் கணக்கு எப்போது மூடப்படும் என்று விசாரியுங்கள். புராஜெக்ட், பரிந்துரைக் கடிதம், ஆசிரியர் முகவரி எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். ஒருவர் இன்டர்வியூவுக்கு முந்தின இரவு தன் ஆய்வறிக்கையைத் தேடி உள்ளே நுழையப் பார்த்தார், கணக்கு மூடி பதினோரு நாளாகியிருந்தது. நூலகத்தின் பழைய அச்சுப் பிரதியைப் போனில் படமெடுத்து அனுப்ப ஒரு ஜூனியர் கிடைத்ததால் தப்பித்தார். ஆகவே, ஜூனியர்கள் நம்பரையும் வாங்கி வையுங்கள்.